டெக்கன் 8: இவ்வளவு நன்றாகக் கற்றுத்தருகிறது, கற்றவனை ஏன் மதிப்பதில்லை?

கல்லுக்குத்து (இழையைத் தொடங்கியவர்)

ஒரு சாரார் இந்த விளையாட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். இன்னொரு சாரார், அழித்துவிட்டு டெக்கன் 7-க்கே திரும்பிவிட்டோம் என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான், ஆனால் ஒருவர் பார்க்கும் பக்கத்தை மற்றவர் பார்ப்பதில்லை. என் கணக்கை எழுதிவைக்கிறேன், பிறகு அடித்துக்கொள்வோம்.

முதலில் நல்லது. சண்டை விளையாட்டுகளில் இத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. தோற்ற ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டால், எதிராளி எந்த இடத்தில் திறந்து நின்றார், அங்கே உங்கள் கதாபாத்திரத்தின் எந்த அடி உறுதியாக விழுந்திருக்கும் என்று திரையிலேயே சொல்கிறது. அதோடு விடவில்லை. அந்த நொடியில் பதிவை நிறுத்தி, கண்ட்ரோலரை உங்கள் கைக்கு மாற்றி, அதே தருணத்தை மறுபடி மறுபடி ஆடிப் பார்க்கலாம். டெக்கன் 7-இல் ஃபிரேம் விவரத்தை, அதாவது எந்த அடிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கைத் திரையில் பார்க்கவே தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்தது என்பது நினைவிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பேய்ப் பிரதி இன்னொரு அதிசயம். உங்கள் ஆட்டத்தைக் கவனித்து உங்களைப் போலவே ஆடும் ஒரு நிழலை உருவாக்குகிறது. என் நிழலோடு நான் மோதியபோது, அழுத்தம் வந்தால் குனிந்து முட்டியால் இடிக்கப் பார்க்கும் என் கெட்ட பழக்கத்தை அது அச்சாகச் செய்து காட்டியது. நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் கேலி செய்தும் உறைக்காதது அன்றுதான் உறைத்தது.

இனி என் புகார். இத்தனையும் கற்றுக்கொண்டு களத்துக்குப் போனால், கற்றதை வைத்து வெல்லக்கூடிய ஆட்டமாக அது இல்லை. ஹீட் என்ற ஒன்று எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. சுற்றுக்கு ஒருமுறை, சில நொடிகளுக்கு, உங்கள் எதிராளி நெருப்புப் பிடித்தவர் போல வருவார். நீங்கள் சரியாகத் தடுத்தாலும் உயிர்ப்பட்டை கரையும். தடுத்த பிறகும் முதல் அடி அவருடையதாகவே இருக்கும். அடுத்து வருவது நடுவடியா தாழடியா என்று ஊகிக்க வேண்டும். நின்றுகொண்டு தாழடியைத் தடுக்க முடியாது, குனிந்துகொண்டு நடுவடியைத் தடுக்க முடியாது. இது டெக்கனின் தொடக்ககால விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பெல்லாம் அந்த ஊகத்துக்குள் என்னைத் தள்ளுவதற்கு எதிராளி உழைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு பொத்தான் போதும்.

---

அசுசேனா_காபி

நான் இந்தத் தொடருக்குள் வந்ததே 8-இல்தான். ஆகவே "முன்பெல்லாம்" என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு என்னிடம் மரியாதை கொஞ்சம் குறைவு, அண்ணா மன்னிக்கவும்.

டெக்கன் 7-இன் பெரிய போட்டிப் பதிவுகள் சிலவற்றைப் பார்த்தேன். இருவர் பின்னால் போகிறார்கள், முன்னால் வருகிறார்கள், மறுபடி பின்னால் போகிறார்கள். ஒரு சிறு குத்து. மறுபடி பின்வாங்கல். கடிகாரம் ஓடுகிறது. அதற்குள் இருக்கும் நுட்பம் உங்களுக்குத் தெரியலாம். எனக்குத் தெரிந்திருந்தால் நானும் ரசித்திருப்பேன். ஆனால் புதிதாக ஒருவரை இழுக்க அது உதவுமா?

ஆக்ரோஷம்தான் இந்தப் பாகத்தின் அடிப்படை என்று தயாரித்தவர்கள் வெளியீட்டுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். சொன்னதைச் செய்திருக்கிறார்கள். உயிர்ப்பட்டையில் வெளுத்த நிறத்தில் நிற்கும் பகுதியை எதிராளியை அடித்துத்தான் மீட்க முடியும் என்ற விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி வாங்கிய பின் மூலையில் ஒடுங்காதே, திரும்பிப் போ என்று ஆட்டமே முதுகில் தட்டுகிறது. தொடக்கத்தில் எனக்குத் தெரிந்தது மூன்று நான்கு அடிகள்தான். அவற்றை வைத்தே சில ஆட்டங்களை வெல்ல முடிந்தது. அந்த வெற்றிகள் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் ஓடியிருப்பேன்.

---

பின்னடி_வாத்தியார்

இரண்டு பேரும் உணர்ச்சியாகப் பேசுகிறீர்கள். எண்ணை வைத்துப் பேசுவோம்.

ஒரு நொடிக்கு 60 ஃபிரேம். டெக்கனில் மிக வேகமான சாதாரணக் குத்து 10 ஃபிரேமில் விழும். இப்போது எதிராளி ஹீட்டில் இருக்கிறார், ஹீட் டேஷ் செய்கிறார், அதாவது அந்த ஹீட்டைச் செலவழித்து அடியோடு முன்னால் பாய்கிறார், நீங்கள் தடுத்துவிட்டீர்கள். தடுத்தபின் அவருக்கு 5 ஃபிரேம் சாதகம். நீங்கள் உடனே அந்த 10 ஃபிரேம் குத்தை அழுத்தினாலும், அவருடைய 14 ஃபிரேம் அடி உங்களை முந்திக்கொள்ளும். ஆகவே பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தாவிட்டால் நடுவா தாழ்வா என்ற கேள்வி. பக்கவாட்டில் நகரலாம் என்றால், அதைப் பிடிக்கும் வளைந்த அடிகளும் ஏறத்தாழ எல்லாரிடமும் இருக்கின்றன. பின்வாங்கலாம் என்றால் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் சுவர்.

கல்லுக்குத்து சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஹீட் டேஷைப் பயன்படுத்தினால் ஹீட் அத்தோடு தீர்ந்துபோகும். அந்தச் சுற்றில் மறுபடி கிடையாது. எனவே அது இலவசம் இல்லை. பிரச்சினை என்னவென்றால், விலை கொடுப்பவர் ஒருமுறைதான் கொடுக்கிறார், ஊகத்தில் தோற்பவரோ காற்றில் தூக்கி அடிக்கப்பட்டு, சுவரில் ஒட்டப்பட்டு, பாதி உயிரைக் கொடுக்கிறார். ஒரு தவறான ஊகத்துக்கு இவ்வளவு என்பதுதான் உறுத்துகிறது. சாதகம் எத்தனை ஃபிரேம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாவது. அந்தத் தொடரடியின், அதாவது காம்போவின் நீளமும் வலியும் குறைந்திருந்தால் இதே ஹீட் எனக்கு ருசித்திருக்கும்.

---

மிஷிமா_மருமகன்

காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது தேநீர் குடித்து முடித்துவிடலாம். அதை யாரும் நன்மையாகப் பட்டியலில் சேர்க்கவில்லையே!

எல்லாரும் ஃபிரேம் எண்ணுகிறீர்கள். வட்டை வாங்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் ரேங்க் ஆட்டத்துக்குப் போகப்போகிறார்கள்? நான் கதைக்காக வாங்கினேன். தாத்தா மகனை மலையுச்சியிலிருந்து எறிகிறார், மகன் வளர்ந்து வந்து தாத்தாவை எறிகிறார், பேரன் இருவரையும் முடிக்கக் கிளம்புகிறான். பங்காளித் தகராறு என்று பார்த்தால் நம் ஊர்ச் சொத்து வழக்கெல்லாம் இதன் முன் நிற்காது. இந்தப் பாகத்தில் பேரன் ஜின்னும் அவன் அப்பன் கசுயாவும் மோதும் கடைசி அத்தியாயம் முழு அபத்தம், முழு ஆனந்தம். வானத்தில் பறக்கிறார்கள், கதிர் பாய்ச்சுகிறார்கள், கடைசியில் பிசாசுத்தனம் எல்லாம் கழன்று அப்பனும் மகனும் வெறுங்கையால் அடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய கூச்சலுக்குப் பிறகு அந்த எளிய சண்டையை வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

தனித்தனிக் கதாபாத்திரங்களின் கதைகள்தான் ஏமாற்றம். ஐந்து சண்டை, ஒரு சிறு காட்சி, முடிந்தது. சிலவற்றில் நகைச்சுவை நன்றாக இருக்கிறது, சிலவற்றில் யாரோ வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எழுதியது தெரிகிறது.

டெக்கன் 3-இல் இருந்த பந்து விளையாட்டு திரும்பி வந்திருக்கிறது. விருந்தினர் வந்தால் அதுதான் ஓடுகிறது. பழைய பாகங்களின் இசையை நாமே தேர்ந்து சண்டைக்கு ஓடவிடும் வசதியும் இருக்கிறது. இதையெல்லாம் நன்மைக் கணக்கில் எழுதுங்கள் வாத்தியாரே.

---

பின்னடி_வாத்தியார்

எழுதிவிட்டேன். தேநீரையும்.

---

கல்லுக்குத்து

அசுசேனா தங்கைக்கு. நீங்கள் சொன்ன முதுகில் தட்டும் விதி எனக்கும் பிடிக்கும். வெளுத்த உயிரை மீட்க முன்னேற வேண்டும் என்பது அழகான யோசனை, அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். அதே முயற்சி தாக்குபவருக்கே மேலும் உதவும்படி சாய்ந்திருப்பதுதான் சிக்கல். சுவரோரம் சிக்கியவர் மீட்க முடிவதில்லை, சிக்கவைத்தவர் தடுப்பின் மேலேயே அடித்துத் தன் உயிரை மீட்டுக்கொண்டு போகிறார். வீழ்ந்தவனுக்கென்று போட்ட விதி ஓங்கியவனுக்குப் பந்தி பரிமாறுகிறது.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. டெக்கன் 7 முதலில் 2015-இல் ஜப்பானின் ஆர்கேடு கூடங்களுக்குத்தான் வந்தது. வீட்டு எந்திரங்களுக்கு வந்தது 2017 ஜூனில். நடுவில் இரண்டு ஆண்டுக்கும் மேலாக, காசு போட்டு ஆடுகிறவர்கள் அதை உரசித் தேய்த்துப் பார்த்துவிட்டார்கள். 8-க்கு அந்தக் கட்டம் இல்லை. 2024 ஜனவரி 26 அன்று நேராக நம் வீட்டுக்குள் வந்தது, 32 கதாபாத்திரங்களோடு. உரசிப் பார்க்கும் வேலை நம் தலையில். தொடக்க மாதங்களில் அளவுமீறிய வலுவோடு இருந்த டிராகுனோவ் என்ற கதாபாத்திரத்தை ஆடியவர்களை எதிர்கொண்டவர்களைக் கேளுங்கள்.

ஆர்கேடு கூடத்தில் தோற்றவர் எழுந்து போக வேண்டும் அல்லது இன்னொரு காசு போட வேண்டும். அங்கே வளர்ந்தவர்களுக்குத் தடுப்பு என்பது காசு. பாகிஸ்தானின் லாகூரிலிருந்து வந்த அர்சலான் ஆஷ் 2019-இல் எவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியை ஜப்பானிலும் லாஸ் வேகாஸிலும் ஒரே ஆண்டில் வென்றபோது உலகமே அதிர்ந்தது. அந்த ஆட்டங்களைப் பாருங்கள். எதிராளி என்ன செய்யப்போகிறார் என்று காத்திருந்து, செய்த அடுத்த நொடி தண்டிக்கும் ஆட்டம். அந்த மண்ணிலிருந்து வந்த பொறுமை அது.

---

அசுசேனா_காபி

அதே அர்சலான் ஆஷ்தான் 2024 எவோவில் டெக்கன் 8-யும் வென்றார். தடுப்புக்கு மதிப்பே இல்லாத ஊகச் சூதாட்டம் என்றால், அதே மனிதர் மறுபடி மறுபடி மேடையேறுவது எப்படி? சூதாட்டத்தில் சாம்பியன்கள் நிலைப்பதில்லை.

---

கல்லுக்குத்து

நல்ல அடி. தடுக்க முடியவில்லை.

ஆனாலும் ஒன்று. உச்சியில் இருப்பவர் எந்த விதியிலும் வெல்வார். நடுவில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். காரியு ரேங்கிலும் புஜின் ரேங்கிலும் ஆடும் ஒருவர், எதிராளியின் முப்பத்திரண்டு முகங்களையும் அவற்றின் அடிகளையும் மனப்பாடம் செய்து களத்துக்கு வந்தால், அந்தப் படிப்புக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கிறது? நான் கேட்பது அதை.

---

புதுக்கண்ட்ரோலர்

வணக்கம். இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், பாதி புரிகிறது. சிறு வயதில் கம்ப்யூட்டரில் டெக்கன் 3 ஆடியதோடு சரி. இப்போது வாங்கலாமா? என்னிடம் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. வீட்டில் வைஃபைதான்.

---

இரவுப்பிங்

நண்பரே, பிளேஸ்டேஷன் 4-க்கு இது வரவில்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எந்திரங்கள், விண்டோஸ் கணினி, இவ்வளவுதான். எந்திரம் எதுவானாலும் ஒருவரோடொருவர் மோதலாம், அதனால் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை.

இணைய ஆட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன். இதில் இருப்பது ரோல்பேக் முறை. எதிராளியின் பொத்தான் அழுத்தம் உங்களுக்கு வந்துசேர நேரமாகும் அல்லவா? அதற்காகக் காத்திராமல், அவர் என்ன அழுத்தியிருப்பார் என்று எந்திரம் ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் பிசகினால் சில ஃபிரேம்கள் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். தொலைவு குறைவாக இருந்தால் திருத்தம் நடந்ததே கண்ணுக்குத் தெரியாது. தொலைவு கூடினால், உங்களைத் தொடாத கால் திடீரென்று உங்கள் விலாவில் இருக்கும். டெக்கன் 7-இல் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

எதிராளி கம்பியில் இருக்கிறாரா வைஃபையிலா என்பதையும் ஏற்பதற்கு முன்பே காட்டிவிடும். பலர் வைஃபை அடையாளத்தைக் கண்டதும் மறுத்துவிடுவார்கள். நானும்தான். வைஃபை சிக்னல் சற்றுத் தடுமாறினாலும் ரோல்பேக் ஊகம் சரமாரியாகப் பிசகும். ஒரு கம்பி வாங்கி ரவுட்டரில் செருகிவிடுங்கள், கண்ட்ரோலரை மாற்றுவதைவிட அது பயன்.

குறை என்று பார்த்தால், தொடக்கத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பை அறுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்குச் சரியான தண்டனை இல்லை. பின்னர் திருத்தினார்கள். ஒரே ஆட்டத்தில் வென்றுவிட்டு, மறு ஆட்டம் கேட்டால் மறுத்துப் போகிறவர்களை இன்றும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் என்ன செய்கிறார் என்று அப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கும், ஆள் போயிருப்பார். பின்னிரவில் நமக்கு அருகில் ஆள் கிடைப்பதும் கடினம், தேடல் வளைகுடா வரை போகும்.

---

மிஷிமா_மருமகன்

ஓடுகிறவர்கள் எல்லாம் என்னோடு ஆடியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

---

சில்லறை

கடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை! முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு. வெளியாகி ஒரு மாதத்தில் உள்ளே ஒரு கடை. பழைய பாகங்களில் அணிந்த உடைகளைக் காசுக்கு விற்கிறார்கள். அதற்குத் தனி நாணயம், அந்த நாணயத்தைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் வாங்க முடியும், வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். அடுத்து ஃபைட் பாஸ், காசு கட்டினால் ஆடஆடக் கூடுதல் பரிசுகள் திறக்கும் திட்டம். எடி, லிடியா, ஹெய்ஹாச்சி, கிளைவ் என்று முதலாண்டின் கூடுதல் ஆட்களுக்குப் பணம் கட்டியவர்களிடம், கென்மாஜி கோயில் களத்துக்குத் தனியாகக் கட்டுங்கள் என்றார்களே, அன்று வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. ஆளுக்குக் காசு என்றால் ஒப்புக்கொள்வேன், அதில் உழைப்பு இருக்கிறது. விமர்சகர்கள் எழுதி முடித்து, மதிப்பெண் போட்ட பிறகு கடையைத் திறப்பது என்ன வகை நேர்மை?

---

பின்னடி_வாத்தியார்

சில்லறை சொன்னதில் கடைசி வரிக்கு இரு கைகளையும் தூக்குகிறேன். உடைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, என் பிரையன் எப்போதும் ஒரே கால்சட்டைதான்.

இனி யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன், 2025 ஏப்ரல். இரண்டாம் பருவப் பேட்ச், அதாவது ஆட்டத்தையே மாற்றும் புதுப்பிப்பு வருவதற்கு முன், தடுப்பையும் வலுப்படுத்தப்போகிறோம் என்ற பேச்சு இருந்தது. வந்ததோ நேர்மாறு. கதாபாத்திரம் ஒவ்வொன்றுக்கும் புது அடிகள், அதிகச் சாதகம், அதிக ஊகம். ஒருவரிடம் இல்லாத குறையே அவருடைய அடையாளம் என்பது டெக்கனின் பழைய இலக்கணம். இவரிடம் நல்ல தாழடி இல்லை, அவரால் தொலைவிலிருந்து நெருங்க முடியாது என்று ஆளுக்கு ஆள் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டையைச் சுற்றித்தான் ஆடும் விதமே அமையும். அந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டார்கள். எல்லாரும் எல்லாம் செய்யலாம் என்றானபின் நான் ஏன் இவரை விட்டு அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. தொழில்முறை வீரர்களே வெளிப்படையாகக் கசந்து பேசினார்கள். அதே மாதத்தில் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. சில அடிகளை அடக்கினார்கள், ஆனால் போட்ட அடித்தளம் அப்படியே இருக்கிறது.

---

அசுசேனா_காபி

ஆக்ரோஷத்துக்காக வாதாடுகிறவள் நான். எனக்கே அந்தப் பேட்ச் பிடிக்கவில்லை. காரணம் உங்களுடையது இல்லை. நான் நாள்தோறும் பழகிச் சேர்த்த சில தொடர்களை ஒரு இரவில் மாற்றிவிட்டார்கள். முதலாண்டில் எதிராளியை எப்போது தாக்குவது என்று நான்தான் முடிவு செய்தேன். அதற்குப் பிறகு ஆட்டமே முடிவு செய்துவிட்டது, நான் ஒத்துழைத்தால் போதும் என்று ஆகியிருந்தது. தாக்குவது பிடித்திருந்ததே அது என் துணிச்சலாக இருந்ததால்தான். துணிச்சல் தேவைப்படாத தாக்குதலில் என்ன இருக்கிறது?

திருத்தங்களுக்குப் பின் ஓரளவு பரவாயில்லை. இன்னும் ஆடுகிறேன். உங்கள் கட்சிக்கு வந்துவிட்டதாக யாரும் கொடி பிடிக்க வேண்டாம்.

---

கல்லுக்குத்து

கொடி இல்லை. ஆனால் நான் மேலே நீட்டி முழக்கியதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள், அந்த எரிச்சல் இருக்கிறது.

---

மட்டுறுத்துனர்

கடைசிக் காட்சியைப் பற்றிய மருமகனின் பதிவுக்குக் கதை வெளிப்பாட்டு எச்சரிக்கை சேர்த்திருக்கலாம். விளையாட்டு வந்து நாளாகிவிட்டதால் விட்டுவைக்கிறேன்.

---

புதுக்கண்ட்ரோலர்

அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா? எந்திரத்தை மாற்றும் எண்ணம் எப்படியும் இருந்தது.

---

பின்னடி_வாத்தியார்

விலை குறையும்போது அடிப்படைப் பதிப்பை வாங்குங்கள், கூடுதல் ஆட்கள் இப்போதைக்கு வேண்டாம், 32 பேரைப் பழகவே ஆயுள் போதாது. முதலில் ஆர்கேடு குவெஸ்ட் என்ற கற்றுத்தரும் கதைப் பகுதியை முடியுங்கள். பொம்மை முகங்களும் உற்சாகப் பேச்சும் கொஞ்சம் குழந்தைத்தனமாகத் தோன்றும், பொறுத்துக்கொண்டால் தண்டிப்பது, தாழடியைத் தடுப்பது, காம்போ கட்டுவது என்று வரிசையாகக் கைக்கு வந்துவிடும். ஒரே பொத்தானில் தொடர் அடி விழும் எளிய முறையும் இருக்கிறது, சண்டை நடுவிலேயே அதைப் போட்டு அணைக்கலாம். அதற்கு வெட்கப்பட வேண்டாம், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். அதில் கிடைக்கும் அடிகள் கொஞ்சம், எதிராளிகள் விரைவில் படித்துவிடுவார்கள்.

ஆளைப் பொறுத்தவரை கிளாடியோ நல்ல தொடக்கம். நேரான அடிகள், தெளிவான நோக்கம். கசுயாவைத் தொட வேண்டாம். அவருடைய மின்னல் குத்துக்குக் கடைசித் திசையையும் பொத்தானையும் ஒரே ஃபிரேமில் அழுத்த வேண்டும். இழையைத் தொடங்கியவர் ஏன் இவ்வளவு கோபக்காரர் என்று அப்போது புரியும்.

---

மிஷிமா_மருமகன்

கிங்கை எடுங்கள். ஜாகுவார் முகமூடி, மல்யுத்தப் பிடி, எதிராளியைச் சுழற்றி எறியலாம். ஃபிரேம் கணக்கெல்லாம் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

---

புதுக்கண்ட்ரோலர்

டெக்கன் 3-இலும் கிங்தான் எனக்குப் பிடித்தவர்! ஆனால் அந்தப் பிடிகளில் நான் சிக்கினால் எப்படித் தப்புவது? அப்போது அது ஒருபோதும் தெரிந்ததில்லை.

---

கல்லுக்குத்து

தம்பி, வரும் ஆளின் கையைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். இடது கை முன்னால் நீண்டால் இடக்குத்துப் பொத்தான், வலது கை நீண்டால் வலக்குத்துப் பொத்தான். பயிற்சி அறையில் எதிராளியைப் பிடிகள் மட்டும் மாறிமாறி போடும்படி பதிவு செய்து, மாலையில் சிறிது நேரம் உடைத்துப் பழகுங்கள். இந்தப் பாகத்திலும் முழு மதிப்பெண் கிடைக்கும் தடுப்பு அது ஒன்றுதான்.

---

புதுக்கண்ட்ரோலர்

இரண்டு கையும் நீண்டால்?

---

அசுசேனா_காபி

இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வாங்கியதும் இங்கே சொல்லுங்கள், முதல் ஆட்டம் என்னோடு. கம்பி செருகிவிட்டு வரவும்.